ஓதலும் வாசிப்பும்: மகா பாசாண குகை தரும் சான்று

கேட்டுக் கற்பது சிறந்ததா, படித்துக் கற்பது சிறந்ததா என்னும் வினாவை ஆராய விரும்புவோர், யாங்கூனில் கபா ஏ பகோடாவை அடுத்துள்ள மகா பாசாண குகையிலிருந்து தொடங்கலாம். இயற்கைக் குகையைப் போலக் கட்டப்பட்ட அம்மண்டபத்தில்தான், 1954 மே முதல் 1956 மே வரை ஆறாம் சங்காயனம், அதாவது புத்தரின் போதனைகளான திரிபிடக நூல்களைத் துறவியர் கூடி ஓதிச் சரிபார்க்கும் பேரவை, நடைபெற்றது. மியன்மாத் துறவியான மகாசி சயாடோ வினா எழுப்ப, மற்றொரு மியன்மாத் துறவியான மிங்குன் சயாடோ ஏட்டைப் பாராமலே விடை கூறினார். அவர் நினைவிலிருந்து ஓதியது 16,000 பக்கங்கள் என்று கின்னஸ் நூல் பதிவு செய்துள்ளது.

திரிபிடக நூல்கள் முதலில் செவிக்கென்றே அமைந்தவை. பல தலைமுறைகள் வாய்மொழியாக வழங்கிய பின்னரே, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் ஏறின. ஒரே தொடர் சிறு மாற்றத்துடன் திரும்பத் திரும்ப வருவது படிப்பவருக்கு அலுப்பூட்டுமாயினும், ஓதுபவருக்கு அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ள அதுவே துணை. அச்சுப் பதிப்புகள் அவ்விடங்களை ‘பே’ என்னும் குறியிட்டுச் சுருக்கிவிடுகின்றன. கண்ணுக்கு அக்குறி போதும், நாவுக்குப் போதாது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் என்னும் பழந்தமிழகத்துத் துறவி, துறவியர் ஒழுக்கம் கூறும் விநய நூலைப் திரிபிடக மொழியான பாலியில் செய்யுளாகச் சுருக்கித் தந்ததும் இவ்வகையில் நினைக்கத் தக்கது; செய்யுள் உரைநடையைக் காட்டிலும் எளிதில் மனத்தில் பதியும்.

எனினும் ஒலி நாட்டுக்கு நாடு மாறுகிறது. பாலியின் சகரத்தை மியன்மா மக்கள் தகரத்தை ஒட்டி ஒலிப்பதால், ‘சாது’ என்னும் வாழ்த்து யாங்கூன் பகோடாக்களில் ‘தாது, தாது’ என்றே கேட்கிறது. இலங்கைத் துறவியோ சகரமாகவே ஒலிப்பார். இத்தகையோர் ஒரே பாடத்தில் உடன்பட எழுத்து இன்றியமையாததாயிற்று. ஆறாம் சங்காயனத்தில் பல நாட்டுப் பதிப்புகளும் ஒப்பிடப்பட்டு, திரிபிடகம் 40 தொகுதிகளாக அச்சேறியது. திரிபிடகத்தை மனப்பாடமாக அறிந்த துறவியருக்கான மியன்மாவின் திரிபிடகதரர் தேர்வு ஓதல், எழுத்து என்னும் இரு பகுதிகளைக் கொண்டிருப்பதும், அதில் முதன்முதலாக முழுத் தேர்ச்சி பெற்றவர் மிங்குன் சயாடோ என்பதும், இரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்று நிறைவுறாது என்னும் தெளிவையே காட்டுகின்றன.

இத்தெளிவு யாங்கூன் தமிழருக்கு மிகவும் வேண்டப்படுவது. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின்னர் தமிழ்க் கல்வி பெரும்பாலும் கோயில் வகுப்புகளையும் வீடுகளையும் சார்ந்து நின்றமையால், தமிழைக் காதால் அறிந்து கண்ணால் அறியாத தலைமுறைகள் வளர்ந்துள்ளன. செவிவழி பெற்ற அச்செல்வத்தைக் குறையென்று கருதுவது பெரும் பிழை. தேவாரத்தை மனப்பாடமாகப் பாடும் குழந்தைக்கு, அறியாத சொற்களைக் கொண்ட அரிச்சுவடிக்கு முன்னர் அத்தேவாரத்தையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, பாடப் பாட ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துத் தொடரச் செய்யலாம். ஒலி முன்பே நெஞ்சில் இருப்பதால், எழுத்தை அடையாளம் காணும் வேலை ஒன்றே அக்குழந்தைக்கு எஞ்சியிருக்கும்.