தண்ணீரும் தவணையும்



மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பயிர்க்கடன் ஏன் தவணை தவறுகிறது என்று ஆராய்பவர், வங்கிப் பேரேட்டைத் திறக்குமுன் பெரியாறு–வைகைப் பாசனத்தின் வரைபடத்தைப் பார்ப்பது நலம். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்கு அப்பாலுள்ள மேலூர்ப் பகுதியும், தனியே திருமங்கலம் கால்வாய்ப் பகுதியும் ஒருபோகம். வைகை அணையில் நீர் குறைந்த ஆண்டில் அந்த ஒரு போகத்துக்கும் தண்ணீர் தாமதமாகவே கிடைக்கிறது. நடவும் அறுப்பும் அதற்கேற்பப் பின்தள்ளப்படுகின்றன. ஆனால் கடன் பத்திரத்தில் எழுதிய தவணைத் தேதி நகர்வதில்லை. இயற்கைப் பேரிடர் என்று அரசு அறிவித்தால் குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்ற விதிகள் இடந்தருகின்றன. தாமதம் மட்டும் பேரிடராகக் கணக்கில் சேர்வதில்லை.

இங்கு இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். குறித்த நாளில் கட்டப்படாதது தவணை தவறிய கடன். பொதுவாக 90 நாளுக்கு மேல் நிலுவையில் நிற்பது வாராக்கடன் என்றாலும், குறுகியகாலப் பயிருக்கு இரண்டு பருவங்கள் வரை வங்கி பொறுத்திருக்கிறது. விவசாயிக்கோ அந்தப் பொறுமையால் பெரும்பயனில்லை. ஏனெனில் கூட்டுறவுச் சங்கத்தில் உரிய நாளில் கட்டுவோருக்குக் கிடைக்கும் வட்டியில்லாச் சலுகை, தவணை நாள் கடந்தவுடனே போய்விடுகிறது. ஆகவே சில நாள்களுக்குக் கந்துவட்டிக்கு வாங்கிக் கணக்கை முடித்து, மறுகடன் வந்ததும் அதைத் திருப்பும் வழக்கம் வளர்ந்தது. ஏட்டில் வசூல் நிறைவாகத் தெரிய, கடனோ வட்டிக்காரரின் நோட்டுக்கு மாறியிருக்கும்.

இந்நோய்க்கு அரசுகள் திரும்பத் திரும்பத் தந்த மருந்து தள்ளுபடி. கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் 2006-இல் தள்ளுபடியாயின; 2016-இல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருந்த சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் அது வழங்கப்பட்டது. அனைவருக்கும் நீட்டிக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட, உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் அரசின் வரம்பையே ஏற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாக அறிவிக்கப்பட்டது. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019-இல் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கியில் கடன் பெற்றவர், பக்கத்து வயல்காரரின் அதே வறட்சியைச் சந்தித்திருந்தும், அதில் சேரவில்லை. நாணயமாகக் கட்டியவரும் சேரவில்லை. இந்தத் தள்ளுபடிகள் எல்லாம் தேர்தல் ஆண்டுகளிலேயே வந்ததால், தேர்தல் நெருங்கும்போது கட்டாமல் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்ற கணக்கை அவர் கற்றுக்கொண்டால் குறைசொல்வது கடினம். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பெயரில்லாத குத்தகைதாரருக்கோ கடனும் அரிது, தள்ளுபடியும் அரிது.

வங்கிப் பணிக்கும் கூட்டுறவுத் துறைக்கும் செல்லவிருக்கும் பட்டதாரிகள், தவணைத் தேதியை அந்தந்தக் கால்வாயில் நீர் திறக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடும் விதியைத் தம் மேலதிகாரிகளிடம் எழுத்து மூலம் கோர வேண்டும். நீர் திறப்பு நாள் நீர்வளத் துறையின் பதிவேடுகளில் ஆண்டுதோறும் இருக்கிறது.