ஒரு தீப்பெட்டிக்கு எத்தனை பக்கம்?



‘சமூக, பண்பாட்டு, கடல்கடந்த வரலாற்றை ஆராயப் புதிய வழிகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசில் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் தலைப்பைப் பையில் போட்டுவிட்டு, பையிலிருந்து இதை எடுத்து வந்திருக்கிறேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? தீப்பெட்டி. பயப்பட வேண்டாம், காலிப்பெட்டிதான். விருதுநகர் மேடையில் நின்று நெருப்பை வைத்து வேடிக்கை காட்டுகிற துணிச்சல் எனக்கில்லை.

பள்ளிக்கூடத்தில் நமக்கு வரலாறு என்றால் ராஜா, போர், பட்டம் சூடிய வருஷம். ஒருவர் செத்தால் அடுத்த பாடம். இப்போது ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியும் நடக்கிறார்கள். ஒரு பண்டத்தைக் கையில் எடு. அது எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது, எந்தக் கடல் தாண்டியது என்று அதன் பின்னாலேயே போ. சர்க்கரையின் பின்னால் போய் எழுதிவிட்டார்கள். பருத்தியின் பின்னால் போய் எழுதிவிட்டார்கள். நம்முடைய பண்டம் இது. வாருங்கள், இதன் பின்னால் கொஞ்ச தூரம் போய் வருவோம்.

முதலில் மேல்பக்கம், லேபிள். நூறு வருஷத்துக்கும் முன்னால் நம் பாட்டன் பீடி பற்றவைத்த தீப்பெட்டி சுவீடனிலிருந்து வந்திருக்கும், இல்லையென்றால் ஜப்பானிலிருந்து. ஜப்பான்காரர் இந்தியச் சந்தைக்கென்றே லேபிள் அச்சடித்தார். நம் சாமி படம் போட்டு அனுப்பினார். கடவுளே கப்பலேறி வந்து நம் அடுப்பங்கரையில் இறங்கியிருக்கிறார்!

அப்புறம் 1922. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு அரசாங்கம் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் சுங்க வரி போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. இந்தப் பக்கத்து ஆளுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். இந்தக் கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் 1923ல் சுவீடன் கம்பெனியும் வரிச் சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து விம்கோ என்று இங்கே ஒரு கம்பெனி தொடங்கியது. சென்னையில் மெட்ரோ ரயிலேறி வடக்கே கடைசி வரைக்கும் போய்ப் பாருங்கள், விம்கோ நகர் என்று போர்டு இருக்கும். அந்த சுவீடன் கம்பெனியின் பின்னால் இருந்த ஐவர் குரூகர் பல நாட்டு அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்துத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கியவர். 1932ல் பாரிசில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். உலகமே தீப்பெட்டி ராஜா என்று சொன்ன ஆளின் கம்பெனியோடு கரிசல் காட்டு ஊர்கள் மல்லுக்கட்டின.

நம்மவர்களின் துணிச்சல் பொய்யில்லை. டெல்லியில் போட்ட வரியும் பொய்யில்லை. பின்னால் கைத்தொழிலுக்குக் கிடைத்த கலால் சலுகையும் பொய்யில்லை. இதில் ஒன்றை மட்டும் சொன்னால் அது விழா மலர். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடு முழுக்கச் சுவரேறினார்கள். இதையெல்லாம் ஆராய்ந்து கஜ்ரி ஜெயின் எழுதிய இங்கிலீஷ் புத்தகம் 2007ல் வந்தது. வருஷம் முடிந்ததும் நாம் ஆணியிலிருந்து கழற்றிப் போடுகிற காகிதம் அங்கே பல்கலைக்கழகப் பாடம்.

சரி, இப்போது பக்கவாட்டுப் பக்கம். நாம் உரசுகிற இந்தப் பட்டை. இதில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். முன்பெல்லாம் குச்சியின் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். ஆனால் அதைச் செய்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1888ல் லண்டனில் ஒரு தீப்பெட்டி ஆலையின் பெண்களும் சிறுமிகளும், ஆயிரம் பேருக்கு மேல், வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1906ல் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் கூடாது என்று ஒப்பந்தம் போட்டன. 1913ல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் முதல் குச்சி மருந்தில் முங்குவதற்குப் பத்து வருஷம் முன்னால்! சாத்தூரில் குச்சி அடுக்கிய ஒரு பெண்ணின் தாடை தப்பியதற்கு, அவள் பேரே கேட்டிராத லண்டன் பெண்களும் ஒரு காரணம். கடல்கடந்த வரலாறு என்று நோட்டீசில் போட்டிருப்பது இதைத்தான்.

மூன்றாவது பக்கம், உள்பெட்டி. இதைப் பற்றிச் சொல்லத்தான் நான் வந்தேன். இந்தக் குச்சிகளை அடுக்கியது யார்?

எங்கள் அத்தை ஒருத்தர் சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். கவனியுங்கள், ‘ஆபீஸ்’. இந்தப் பக்கம் யாரும் தொழிற்சாலைக்குப் போனதில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போனார்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்து ஒரு பிள்ளை ஆய்வு எழுதலாம். போன வருஷம் அத்தையிடம் செல்போனில் பதிவை ஓடவிட்டுக் கேட்டேன்.

“அத்தை, எத்தனை வயசுல வேலைக்குப் போனீக?”

“வயசு யாருக்குடா தெரியும்? விடியக்கருக்கல்ல கம்பெனி வண்டி வரும். நானா ஏற முடியாது. யாராச்சும் தூக்கிவிடணும். அம்புட்டுத்தான் உசரம்.”

வருஷம் கேட்டேன். மழை பொய்த்த வருஷம் என்றார். கூலி கேட்டேன். அது அம்மா கைக்குப் போச்சு என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் கை மடியில் சும்மா இல்லை. விரல்கள் வரிசையாக எதையோ அடுக்கிக்கொண்டே இருந்தன. கட்டையில் குச்சி அடுக்குகிற கை. அறுபது வருஷமாகியும் அது நிற்கவில்லை. செல்போனில் அது பதிவாகவில்லை. அதனால்தான் நோட்டில் தனியாக எழுதி வைத்தேன். வாய்மொழி வரலாறு எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு என் ஒரே யோசனை: காதைத் தீட்டுங்கள், கண்ணையும் திறந்து வையுங்கள்.

குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆவணம் உண்டு. சலம் பென்னூர்கர் 1990ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் உண்டு. நம் எழுத்தாளர் பூமணி எடுத்த ‘கருவேலம் பூக்கள்’ படம் உண்டு. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ல் சொன்ன தீர்ப்பு உண்டு. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் 20,000 ரூபாய் கட்டு என்றது. அந்தத் தீர்ப்பில் வயது இருக்கிறது. வண்டியில் ஏற முடியாத உயரம் எங்கே இருக்கிறது? எங்கள் அத்தையிடம்தான் இருந்தது. அதோடு முதலாளி வீட்டுக் கணக்குப் பேரேடும் வேண்டும், வண்டி ஓட்டியவர் சொல்வதும் வேண்டும், அனுப்பிவைத்த அம்மா ஏன் அனுப்பினாள் என்பதும் வேண்டும். பொய்த்த மானமும் வறண்ட கரிசலும் அந்தச் சாட்சிப் பட்டியலில் உண்டு.

ஒரே நிகழ்ச்சிக்குத் தெருவுக்குத் தெரு வேறு கதை இருந்தால் எதை எழுதுவது என்று கேட்பார்கள். 1899ல் சிவகாசியில் நடந்த கலவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹார்டுகிரேவ் 1969ல் நாடார்கள் பற்றிய புத்தகத்தில் எழுதினார். பூமணி ‘அஞ்ஞாடி’யில் நாவலாக எழுதினார்; 2014ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். அரசாங்கக் காகிதம் தேடுகிறவர் 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லாக் கட்டுகளைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ராமநாதபுரம், 1985க்குப் பிறகுதான் விருதுநகர். காகிதமே மூன்று வீட்டில் சிதறிக் கிடக்கும்போது ஞாபகம் ஒரே வீட்டில் இருக்குமா? எல்லாத் தெருவிலும் கேளுங்கள். ஒத்துப்போகாத இடத்தை அழிக்காதீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த ஊர்க் கதை ஒன்று. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் போடும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். பின்னாளில் அவர் முதலமைச்சராகி, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவும் போட்டார். மகமைக்குக் கணக்கு உண்டு. பிடி அரிசி போட்ட கைகளின் பேர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பட்டாசைப் பற்றி ஏன் பேசவில்லை என்று முன்வரிசையில் ஒரு அய்யா முகத்தைச் சுளிக்கிறார். பேச மனசு கனக்கிறது. பேரியம் கூடாது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், பசுமைப் பட்டாசு வந்ததும் ஏட்டில் நிற்கும். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடித்தது செய்தித்தாளில் எண்ணிக்கையாக நிற்கிறது. திரி வெட்டியவர், சரம் பின்னியவர், மருந்து அடைத்தவர் ஒவ்வொருவரும் எந்த ஊர், யாருக்கு மகள், அன்று காலையில் தூக்குச்சட்டியில் என்ன கொண்டுபோனார் என்பதை எழுதி வைக்க வேண்டியது நாம்தான். எண்ணிக்கைக்கு இழப்பீடு கிடைக்கும். வரலாறு ஆளுக்குத்தான் எழுத வேண்டும்.

தீபாவளிக்கு வீடு வெள்ளையடிப்பீர்கள். பரணிலிருந்து பழைய காகிதம் இறங்கும். கூலிச் சீட்டு, லேபிள் கட்டு, ரங்கூனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதம், மகமை ரசீது. எடைக்குப் போட்டால் கிலோவுக்கு என்ன கிடைக்கும்? போடாதீர்கள். ஒரு உறையில் வைத்து, யாருடையது, எந்த ஊர் என்று மேலே எழுதி, பக்கத்துக் கல்லூரி வாத்தியாரிடம் காட்டுங்கள்.

அடுத்த வருஷம் இந்த மேடையில் நான் பேச வேண்டாம். உங்களில் ஒருத்தர், முடிந்தால் பின்வரிசையில் நிற்கிற அந்தப் பெண்பிள்ளை, ஆச்சி சொன்னதை எழுதிய நோட்டோடு மேலே ஏறி வரட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.