மாட்டின் நோய் நமக்கு ஒட்டுமா?
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்களில் பலர் விடியற்காலை மாட்டுப்பட்டியில் பால் கறந்து ஊற்றிவிட்டு, லயத்துக்கு வந்து சீருடை மாற்றி ராகலைக்கு நடந்தவர்கள். கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பால் காசுதான். ஆகவே விழா மேடையில் மாட்டைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் சிரிக்கமாட்டீர்கள்.

2020இல் தோல்கழலை நோய் முதன்முதலாக இலங்கை மாடுகளுக்கு வந்தது. காய்ச்சல், உடம்பெல்லாம் கட்டி, பால் குறைந்துவிடும். இப்படியொரு நோயைக் கண்டால் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகளுக்கும் ஒட்டுமா என்பதே. இது ஒட்டாது. காரணத்தைச் சொல்கிறோம்.

வைரசு தானாகப் பெருகாது. உயிருள்ள கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலம் புரதம் செய்யும் ஏற்பாட்டைத் தனக்காகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பல வைரசுகள் வாசலிலேயே நின்றுவிடும். அவை பற்றிப் பிடிக்கும் புரதம் இனத்துக்கு இனம் மாறுபடுவதால் கதவு திறக்காது. தோல்கழலை வைரசு அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு வாசல் பெரிய தடையல்ல, தடை உள்ளே இருக்கிறது. கொழுந்து ஸ்டோருக்குள் வந்துவிட்டது, ஆனால் மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். அந்நிய வைரசை உணர்ந்த கலமும் அப்படித்தான் தன் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அதை முறியடிக்க வைரசிடமும் சொந்தப் புரதங்கள் உண்டு. நெடுங்காலம் பழகிய விலங்கின் கலத்தில் அவை பலிக்கும். வேற்று இனத்தின் கலத்தில் பலிக்காமல் போகலாம்.

(பாலைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்வது வேறு கிருமிகளுக்காக. அதை விட்டுவிடாதீர்கள்.)

இந்த வேலி எக்காலத்துக்கும் நிற்பதில்லை. நமது சின்னமுத்து வைரசும், 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வைரசும் ஒரே மூதாதையின் வழிவந்தவை.

விசர்நாய்க்கடி வைரசுக்கோ பாலூட்டிகளிடையே வேலியே இல்லை எனலாம். அது பற்றும் நரம்புப் புரதங்கள் நாய், பூனை, மாடு, மனிதர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றே. எங்களுக்குப் பயம் இங்கேதான். மாடு எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டதென்று வாய்க்குள் கைவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கை விடாதீர்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே கை விட்டிருந்தால், அல்லது நாய் கடித்திருந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். பேர் போய்விடுமென்று கொழுந்து மலையில் நின்றுவிடாதீர்கள்.