காவலரை விசாரிப்பவர் யார்?

(அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

காவல்துறையில் இலஞ்சமும் அத்துமீறலும் உள்ளன என்று சொல்வது எளிது. அவற்றை விசாரிக்க வேண்டியவர் யார் என்பதே கடினமான வினா. சித்தூர், திருப்பதிப் பகுதியின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

1854இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பதாக எழுந்த குற்றச்சாட்டை ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. சித்தூர் அன்று வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. வரி தண்டுவதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் குடிகள் வதைக்கப்பட்டதை 1855ஆம் ஆண்டு அறிக்கை உறுதி செய்தது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி வரி தண்டிய தாசில்தாரே காவல் அதிகாரியாகவும் இருந்தார். அடித்தவரிடமே முறையிட வேண்டிய நிலை! பின்னர் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனிக் காவல்துறை உருவாயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் ஆந்திரக் கடத்தல் தடுப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கல்லாலும் கோடரியாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகப் படையினர் கூறினர். தம்முடன் வந்தவர்கள் முன்னரே வழியில் பிடித்துச் செல்லப்பட்டனர் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் தெரிவித்தனர். இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் அரிது. மாநில அரசு தன் காவல் அதிகாரிகளைக் கொண்டே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. ஆணையமோ மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணையையும், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் பரிந்துரைத்தது. (கூலிக்கு மரம் வெட்டுபவர் காட்டில் அகப்படுகிறார், கட்டையை விற்றுச் செல்வம் சேர்ப்பவர் பெரும்பாலும் காட்டுக்குள் கால் வைப்பதே இல்லை.)

துப்பாக்கிச் சூட்டில் நேரும் மரணத்தைக் குற்றப் புலனாய்வுப் பிரிவோ வேறொரு நிலையத்துக் காவலரோ புலனாய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்தது. ஆயினும் வேறு நிலையத்தாரும் அதே துறையினர்தாமே? 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் அது கூறிய வழியே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. காவலர் மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையங்கள் வேண்டும் என்பதே அவ்வழி. தமிழகத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கிக் காவல் உயரதிகாரிகளையே உறுப்பினராக்கியது. 1855ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்களுக்கு இந்தக் கூட்டு புதிதன்று.

உங்களுள் சிலர் நாளை கோட்டாட்சியராவீர்கள். இத்தகைய விசாரணை உங்கள் மேசைக்கும் வரலாம். காவல்துறை தரும் கோப்போடு நின்றுவிடாதீர்கள். பேருந்துச் சீட்டு, கைப்பேசி அழைப்புப் பதிவு, நிலையப் பொது நாட்குறிப்பு ஆகியவற்றை உடனே கேட்டுப் பெறுங்கள். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவை அழியுமுன் கடிதம் எழுதுங்கள். சாட்சி ஜவ்வாது மலைக்காரர் எனில், அவரைத் திருப்பதிக்கு அழைக்காமல் அவர் ஊருக்கே சென்று, தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதிவு செய்யுங்கள்.