அடுக்களைச் சுவரும் கல்லின் நிறமும்



கருங்கற் கோயில் ஒன்றின் வெளிச்சுற்றில் வலம் வருகையில் ஒரு வேற்றுமை உங்கள் கண்ணிற் பட்டிருக்கும். சுவரும் தூண்களும் சாம்பல் நிறமாய் வெளிறி நிற்க, அச்சுவரின் மாடத்தில் அமர்ந்துள்ள பிள்ளையார் மட்டும் கன்னங்கரேலென மின்னுவார். சிற்பி அவருக்கெனத் தனியே கறுப்புக் கல்லைத் தேடிக் கொணர்ந்தான் என்று எண்ணுவோர் உண்டு. எல்லா இடத்திலும் அவ்வாறன்று. சுவரும் அவரும் ஒரே பாறையிலிருந்து வந்தவையாகவே பல இடங்களில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெய்க்காப்பே அவர் திருமேனிக்கு அக்கருமையை ஈந்தது.

ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கோயிலைப் பற்றியதன்று, அடுக்களையைப் பற்றியது. அடுப்பு மேடைக்குப் பின்னுள்ள சுவரில் இயற்கைக் கல்லைப் பதிக்கும் வழக்கம் இப்போது வீடுதோறும் பரவியிருக்கின்றது. கடப்பாக் கல், சலவைக்கல், சிலேட்டுக் கல், கிரானைட்டு என்று அவரவர் விருப்பத்துக்கும் பணப்பைக்கும் ஏற்பப் பதிக்கின்றனர். பதித்த பின்னர் இரண்டு ஆசைகள் பிறக்கின்றன. தாளித்த எண்ணெயும் மஞ்சளும் தெறித்துக் கறை ஏறாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. கழுவிய ஈரத்தில் தோன்றிய ஆழ்ந்த நிறம் உலர்ந்த பின்னும் நீங்காதிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கடைக்காரர் இரண்டுக்கும் ‘சீலர்’ என்னும் ஒரே சொல்லைச் சொல்லி ஒரு டப்பாவை நீட்டுகிறார். இவ்விரண்டு ஆசைகளும் வெவ்வேறானவை. அவற்றை நிறைவேற்றும் வழிகளும் வெவ்வேறானவை. இது விளங்காமையால் வீணான சுவர்கள் பல.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். ஈரக் கல் ஏன் கருத்துத் தோன்றுகிறது? வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால், “தண்ணீர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, ஐயா” என்று ஒரு குரல் உடனே எழும். கண்ணாடிக் குவளையில் உள்ள தண்ணீர் கறுப்பாகவா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியிலேதான் பாடம் தொடங்குகின்றது.

மெருகேற்றாத கல்லின் மேற்பரப்பு எண்ணற்ற சிறு முகங்களாலானது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. கல்லிலுள்ள கனிமங்களுக்கு ஏறத்தாழ 1.55 என்று கொள்ளலாம். இரண்டு ஊடகங்களின் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு ஒளி எல்லையிலேயே திரும்பிவிடும். காற்றிலிருந்து கல்லின் மீது நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4.7 பங்கு உள்ளே நுழையாமலே திரும்புகின்றது. அது கல்லின் நிறத்தை ஏற்காத வெள்ளொளி. கரடான பரப்பு அதனை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், கல்லின் சொந்த நிறத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் திரை விரித்தாற்போல் ஆகிறது. தண்ணீரின் எண் 1.33. அது பள்ளங்களை நிரப்பியதும் நீருக்கும் கல்லுக்குமிடையே திரும்பும் ஒளி நூற்றுக்கு 0.6 பங்காகக் குறைந்துவிடுகின்றது. திரை விலகுகிறது, ஒளி ஆழச் சென்று நிறம் ஏற்று வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லிலிருந்து வெளிப்படும் ஒளியில் ஒரு பகுதி நீர்ப்படலத்தின் மேற்பரப்பில் முழு அகப் பிரதிபலிப்படைந்து மீண்டும் கல்லுக்கே திரும்புகின்றது. கல் அதனை இன்னொருமுறை உறிஞ்சுகின்றது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆங்ஸ்ட்ரம் 1925ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினார். லெக்னர், டார்ஃப் என்னும் இருவர் 1988இல் அவ்விளக்கத்தைத் திருத்தி நிறைவாக்கினர். ஈரத் தரை ஏன் கருக்கிறது என்னும் சிறுபிள்ளைக் கேள்விக்கு முழு விடை கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று!

இதனை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. வடை பொதிந்து வந்த தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் ஒளியை ஊடுருவ விடும். மேசைமேல் வைத்தால் அதே இடம் கருத்துத் தெரியும். புன்சன் ஒளிமானியில் பயன்பட்ட எண்ணெய்ப் பொட்டும் இதுவேதான்.

ஆகவே நிறங்கூட்டும் சீலர் என்பது சாயமன்று. உலர்ந்து போகாத தண்ணீர் என்று அதனை நினைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் போன்ற பிசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49, நீரைவிடக் கல்லுக்கு நெருங்கியது. எனவேதான் கரடான சிலேட்டிலும் கடப்பாக் கல்லிலும் அது பெரிய மாறுதலைக் காட்டும். கண்ணாடிபோல் மெருகேற்றிய கிரானைட்டில் சிதறடிக்கும் கரடே இல்லை. நிறங்கூட்டி அங்கே செய்யத்தக்கது மிகச் சிறிது. இதனைச் சொல்லாமல் பளபளப்பான கல்லுக்கும் விற்றுவிடுகிறார்கள்.

இனிக் கறைக்கு வருவோம். கல்லுக்குள் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் உள்ளன. குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்னும் நுண்புழை விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அத்துளைகளின் சுவரில் சிலேன், சிலாக்சேன் என்னும் சிலிக்கான் சேர்மங்கள் பிணைந்துவிட்டால் நீர் அங்கே ஒட்டுவதில்லை. சேப்ப இலையில் நீர்த்துளி உருண்டோடுவது போல வெளியிலேயே உருண்டு நிற்கும். துளை அடைபடுவதில்லை, சுவரின் ஆவி வெளியேற வழி இருக்கும். எண்ணெயையும் தடுக்க வேண்டுமாயின் ஃபுளோரின் சேர்ந்த வகை வேண்டும். இவ்வகைச் சீலர்களுட் பல கல்லின் தோற்றத்தைச் சற்றும் மாற்றுவதில்லை. நிறங்கூட்டாமலே காக்கலாம், காக்காமலே நிறங்கூட்டவும் செய்யலாம்.

ஆனால் எந்தச் சீலராலும் தடுக்க முடியாத கேடு ஒன்று உண்டு. சலவைக்கல் கால்சியம் கார்பனேட்டு. நம் வீடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்ற கடப்பாக் கல்லும், கறுப்பாய் இருப்பினும், கருங்கல் இனத்தைச் சேர்ந்ததன்று. கடப்பை மாவட்டத்து நார்ஜி என்னும் ஊரின் பெயரால் நிலவியலார் வழங்கும் சுண்ணாம்புக் கல்லே அது. புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் பட்டால் அதன் மேற்பரப்பே கரைந்துவிடும். பிறகு காணும் வெளிர் பொட்டு கறையன்று, காயம். கறை என்பது வேண்டாத பொருள் உள்ளே சேர்வது. காயம் என்பது கல்லே போய்விடுவது. தேய்த்துக் கழுவுவோர் காயத்தை மேலும் பெரிதாக்குவர். அமெரிக்கத் தர விதிகளில் கட்டடச் சலவைக்கல் உறிஞ்சத்தக்க நீர் எடையில் 0.20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது, கிரானைட்டுக்கோ 0.40 விழுக்காடு வரை இடமுண்டு. குறைவாக உறிஞ்சும் சலவைக்கல்லே அடுக்களையில் முதலில் கெடுகின்றது என்றால், உறிஞ்சுதல் மட்டுமே பகையன்று என்பது விளங்கும்.

என் மகன் வீடு கட்டியபோது அடுப்புக்குப் பின்னால் மெருகிடாத கடப்பாக் கல் பதித்தார்கள். அண்டை வீட்டு அம்மையார் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். கடையிலிருந்து வந்தவர் பளபளக்கும் அக்ரிலிக்குப் பூச்சைப் பூசியே தீரவேண்டும் என்றார், அன்று மாலைக்குள் முடித்துத் தருவதாகவும் சொன்னார். என் மருமகள் இருவருக்கும் உடன்படவில்லை. “மாமா, பூசின பிறகு பிடிக்காவிட்டால் கல்லை எப்படிப் பழையபடி ஆக்குவது?” என்று கேட்டாள். நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கேட்ட நல்ல வினாக்களுள் அதுவும் ஒன்று. துளைக்குள் புகுந்த பிசினைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் இயலாத காரியம்.

வெட்டி எஞ்சிய துண்டுகள் ஐந்தைக் கொல்லைப்புறத் திண்ணையில் வரிசையாக வைத்தோம். ஒன்றை வெறுமனே விட்டோம். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், ஒன்றில் நிறங்கூட்டும் சீலர், ஒன்றில் நிறமாற்றாத சிலேன் சீலர். பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண்ணிட்டனர். பத்து நாட்கள் கழித்து ஒவ்வொன்றின் மேலும் நீர், மஞ்சள் குழைத்த எண்ணெய், புளிக்கரைசல் மூன்றையும் துளித்துளியாக இட்டோம்.

தேங்காய் எண்ணெய் இட்ட கல் முதல் நாள் எல்லாவற்றினும் அழகாயிருந்தது. பத்தாம் நாள் அதன்மேல் தூசும் மாவும் அப்பியிருந்தன. காரணம் வேதியியலில் உள்ளது. ஆளிவிதை எண்ணெயின் அயோடின் எண் 170க்கு மேல். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாகும், பின்னர் மஞ்சளிக்கும். தேங்காய் எண்ணெயின் எண் 10 அளவே. அது ஒருநாளும் இறுகாது, பிசுபிசுப்பாகவே இருந்து காறிப்போகும். பிள்ளையாருக்கு அது பொருந்தும். அவரை நாள்தோறும் நீராட்டித் துடைக்க ஆள் இருக்கிறது. மஞ்சள் எண்ணெய் வெறுங்கல்லில் ஆழ இறங்கியது. சீலர் இட்டவற்றில் துடைத்ததும் போயிற்று. புளியோ ஐந்திலும் தன் வெளிர் முத்திரையை வைத்தது. சீலர் இட்டவற்றில் சற்றுத் தாமதமாக வைத்தது, அவ்வளவே. துண்டுகளைப் பார்த்த மருமகள் நிறமாற்றாத சீலரைத் தேர்ந்தாள். சாம்பல் நிறமே தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். எனக்கு நிறங்கூட்டியதுதான் பிடித்திருந்தது. ஆயினும் அடுக்களை அவளுடையது.

கடைக்காரர் சொன்ன ‘அன்று மாலைக்குள்’ என்னும் பேச்சை மட்டும் நான் பொறுக்கவில்லை. பல சீலர்கள் எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் கரைந்தவை. அதன் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று அடுத்த அறையிலுள்ள சுடரையும் தேடிப்பிடிக்கும். பூசும் நாளில் எரிவாயு உருளையை மூடி, விளக்குச் சுடரும் ஊதுவத்தியும் இன்றி, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். அன்று அடுக்களையில் உலை வைக்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவதும் ஆபத்து. ஆக்சிஜனேற்றத்தால் எழும் வெப்பம் குவியலுக்குள் சிறைப்பட்டுத் தானே தீப்பிடிக்கும். அவற்றை விரித்து உலர்த்த வேண்டும். மேலும், மேற்படலமாக நிற்கும் அக்ரிலிக்குகளிற் பல 100 பாகை செல்சியசை எட்டுமுன்னரே இளகத் தொடங்குபவை. அடுப்புக்கு நேர்ப்பின்னே அவற்றுக்கு ஆயுள் குறைவு.

கல்லைக் காக்கும் முயற்சி புதியதன்று. இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் கற்கள் உதிரத் தொடங்கியபோது, வேதியியலறிஞர் ஹோஃப்மன் 1861இல் சிலிக்கான் எஸ்டர்களை ஊட்டிப் பார்க்கலாம் என்றார். இன்றைய சிலேன் வகைகளுக்கு அக்கருத்தே முன்னோடி. எகிப்திலிருந்து கொண்டுபோய் 1881இல் நியூயார்க் நகரில் நிறுத்திய பழந்தூணுக்கு 1885இல் சூடேற்றி மெழுகு ஊட்டினர். அதற்குமுன் தளர்ந்த சில்லுகள் பெருமளவில் பெயர்த்தெடுக்கப்பட்டன. மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துகள் செதுக்கிய கல்லுக்கு அச்சில்லுகளை இழப்பது சிறிய இழப்பன்று.

வேலையின் முறை எளிது. சிமெண்டு ஈரம் முழுதும் உலரவேண்டும். 28 நாட்கள் பொறுத்தல் நலம். ஈரத்தின்மேல் படலமிட்டால் உள்ளிருக்கும் உப்பு வெண்பூஞ்சை போல் வெளிப்படும். கல்லைக் காரமோ அமிலமோ இல்லாத சோப்பு நீரால் கழுவி ஒரு நாள் உலர விடுங்கள். பஞ்சுத் துணியால் மெல்லப் பூசி, டப்பாவில் குறித்த சில நிமிடங்கள் கழிந்ததும் மிச்சத்தை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். கல் குடிக்காததை மேலே விட்டுவைத்தால் அது பிசுக்காய்க் காய்ந்து மங்கலாகும். ‘கூடுதலாக இருக்கட்டும்’ என்னும் தாராளம் இங்கே கேடு. கற்களுக்கு இடையேயுள்ள சந்துகளை மறவாதீர்கள். எண்ணெய் முதலில் புகுவது அங்கேதான்.

கறுப்புக் கிரானைட்டு வாங்குவோருக்கு ஒரு சொல். வெளிறிய கல்லுக்கு எண்ணெயோ சாயமோ ஊட்டிக் கருங்கறுப்பு என்று விற்பதுண்டு. வெள்ளைத் துணியில் சிறிது அசிட்டோன் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் கல்லை அங்கேயே விட்டு வாருங்கள்.

மறுபடி எப்போது பூசுவது என்பதற்கு ஆண்டுக்கணக்கு வேண்டாம். அடுப்பருகே உள்ள கல்லில் ஒரு துளி நீரைத் தொட்டு வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். துளி முத்தாக நின்றால் பொறுக்கலாம். கல் கருத்து நனைந்தால் சீலர் தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் இச்சோதனை, தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கும் வாரத்தில், சுண்ணக்கட்டியால் எண்ணிட்ட அதே பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.