பெட்டி கேட்கும் கேள்வி



மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதிலே நாம் அலட்சியமாக ஒதுக்கும் ஒரு சின்ன விஷயம் பற்றிப் பேசுகிறேன். திரையில் திடீரென்று முளைக்குமே, 'டயலாக் பாக்ஸ்'. பெயர் உரையாடல் பெட்டி. முக்கால்வாசிப் பெட்டிகள் உரையாடுவதில்லை, மிரட்டுகின்றன!

பெட்டியில் வட்டம் இருந்தால் பலவற்றில் ஒன்றே ஒன்று. பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றது எழும்பும் அல்லவா, அதனால் அது 'ரேடியோ பட்டன்'. சதுரமென்றால் எத்தனை வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே வரும், விட்டுவிடுவோம்.

பொத்தானில் எழுதுகிற சொல்தான் வம்பு. 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கியபோது 'டூ இட்' என்று எழுதியிருந்தார்கள். சோதிக்க வந்த ஒருவர் 'ஐ' எழுத்தை 'எல்' என்று பார்த்து, 'டோல்ட்', அதாவது மடையன் என்று படித்துக் கோபித்துக்கொண்டார். பிறகுதான் 'ஓகே' வந்தது.

அது சிரிக்கிற கதை. இது அப்படியல்ல. 2018 ஜனவரி 13 காலை, அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஏவுகணை வருகிறதென்று செல்போன்களில் எச்சரிக்கை. நடந்தது ஒத்திகை, நிஜமென்று நினைத்து ஓர் ஊழியர் அனுப்பிவிட்டார். 'நிச்சயமாக அனுப்பவா?' என்று பெட்டி கேட்டது, 'ஆம்' என்றார். ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் பெட்டி கேட்டது ஒரே கேள்விதான் என்று விசாரணையில் தெரிந்தது. தவறான எச்சரிக்கை என்ற மறுசெய்தி செல்போனுக்கு வர 38 நிமிடம். அந்த 38 நிமிடம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நிஜமென்று நம்பியவரை எந்தப் பெட்டி தடுக்கும் என்பீர்கள். இருக்கலாம். 'இது ஒத்திகையல்ல, மாநிலம் முழுவதற்கும் போகும்' என்று எழுதியிருந்தால் கை ஒரு நொடி தயங்கியிருக்கும் என்பது என் கட்சி.

'நிச்சயமா?' என்று தினம் இருபது தடவை கேட்டால் கண் படிக்காது, விரல் தானாகத் தட்டும். ஆகவே தம்பிகளே, உங்கள் ப்ராஜெக்டில் 'ஆம்', 'இல்லை' போடாதீர்கள். 'அழி', 'வைத்துக்கொள்' என்று செயலையே எழுதுங்கள். எந்தக் கோப்பு, எத்தனை என்பதும் பெட்டியிலேயே இருக்கட்டும். தெரியாமல் எண்டர் தட்டினால் 'அழி' விழக்கூடாது. எஸ்கேப் தட்டினால் ஒன்றும் ஆகாமல் மூடவேண்டும். 'அன்டூ' வசதி கொடுக்க முடிந்தால் பெட்டியே வேண்டாம்!

ப்ராஜெக்டைக் காட்ட விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பிடியுங்கள்.