உடைந்தது தோள், காலுக்கு என்ன?

(மூணாறில் ஒரு தொடர்கல்வி மையத்தில் சைக்கிள் வழிகாட்டி ஒருவர் பேசியது)



கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். வெளியே மழை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் என் பேச்சு பின்னால் கேட்காது.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. நானும் உங்களைப் போல லயத்தில் பிறந்தவன். என் தாத்தாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்தார். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். நான் சைக்கிள் ஓட்டிப் பிழைக்கிறேன். மூணாறைப் பார்க்க வருகிறவர்களைத் தேயிலைக்காட்டுப் பாதையில் சைக்கிளில் கூட்டிப் போவேன். அதுதான் என் தொழில்.

"நீங்கள் விழுந்த கதையைச் சொல்லுங்கள்" என்று டீச்சர் கேட்டார். விழுந்தது ஒரு நிமிடக் கதை. எழுந்தது ஆறு மாதக் கதை. இரண்டையும் சொல்கிறேன். இரண்டிலும் தப்பு என்னுடையதுதான்.

நான் ஓட்டுவது கியர் சைக்கிள். டயர் தடிமனாக இருக்கும். மலைச் சைக்கிள் என்று சொல்வார்கள். இது எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில். சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மலைகள் இருக்கின்றன. அங்கே 1970-களில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கினார்கள். 1976-இல் போட்டியே வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களுக்குப் பிரேக் பின்சக்கரத்து அச்சுக்குள் இருந்தது. மலை இறங்கி முடிவதற்குள் பிரேக் கொதித்துவிடும். உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்த இறக்கத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மறுபடி அடைப்பது என்று அதற்கு அர்த்தம். பிறந்த நாள் முதலே மலைச் சைக்கிளுக்குப் பிரேக்தான் கவலை.

எனக்கு அந்தக் கவலை இல்லாமல் போயிற்று.

2022 ஜூலை மாதம். இதே போல மழைக்காலம். கணவன் மனைவி இரண்டு பேர் சவாரிக்கு வந்திருந்தார்கள். மழைக்காலத்தில் ஆள் வருவதே அபூர்வம். வந்தவர்களை விடக் கூடாது என்று கிளம்பிவிட்டேன். காலையிலேயே என் சைக்கிளைப் பார்த்தேன். பிரேக்கின் ரப்பர் கட்டையில் பள்ளமாகக் கோடுகள் இருக்கும். பின் பிரேக்கில் அந்தக் கோடுகளே இல்லை. தேய்ந்து வழவழப்பாக இருந்தது. சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரு இறக்கம். கீழே வளைவு. கல்லில் பாசி. பின் பிரேக்கைப் பிடித்தேன். வேகம் குறையவில்லை. பயந்துபோய் முன் பிரேக்கை ஒரே பிடியாக அழுத்தினேன். முன்சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, வலது தோள் தரையில் அடிபட விழுந்தேன்.

வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்திருக்க வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்திருக்க வேண்டும். மழையில் சக்கரம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரைத் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். அதனால் மழையில் இன்னும் முன்னதாகவே பிடிக்க வேண்டும். இதையெல்லாம் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன்!

தலையில் ஹெல்மெட் இருந்தது. அது கீறல் விட்டது. என் தலை தப்பியது. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன். விழுந்தவருக்கு நினைவு தப்பினாலோ, வாந்தி வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கமாகச் சொக்கினாலோ, காதில் மூக்கில் ரத்தம் வந்தாலோ, வீட்டில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா தன் துப்பட்டாவைக் கழற்றி என் கையைக் கழுத்தோடு கட்டினார். அவர் கணவர் ஓடிப்போய் ஒரு ஜீப்பை நிறுத்தினார். அவர்களை நான் கூட்டிப் போனேனா, அவர்கள் என்னைக் கூட்டி வந்தார்களா என்று இன்றைக்கும் என் மனைவி கேலி செய்வாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்துக்குக் கீழே, தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் குறுக்காக ஓடுகிறதே, தொட்டுப் பாருங்கள், அதுதான் காறை எலும்பு. சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு இது.

டாக்டர் சொன்னார்: "எலும்பு அதிகம் விலகவில்லை. ஆபரேஷன் வேண்டாம். கையைத் துணிப்பட்டையில் தொங்கவிட்டுக்கொள். விரலையும் மணிக்கட்டையும் முழங்கையையும் இன்றைக்கே அசைக்க ஆரம்பி. இரண்டு வாரம் கழித்து வா." ஒரு காகிதமும் கொடுத்தார்கள். அது மலையாளத்தில் இருந்தது. மலையாளம் எனக்குப் பேச வரும். படிக்க வேண்டுமானால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மடித்துத் தகரப் பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே டாக்டராகிவிட்டது. "அசையாதே, எலும்பு விலகிவிடும்" என்றார் பெரியப்பா. "மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இறுக்கிக் கட்டினால்தான் சேரும்" என்று ஒருவர் மூங்கில் சிம்பைக் கொண்டு வந்தார். நல்ல வேளை, அம்மா அதற்கு விடவில்லை. இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாது. விரல் வீங்கி, நீலம் பாய்ந்து, மரத்துப் போகும். அதையும் கவனிக்காமல் விட்டால் கையையே எடுக்க வேண்டிவரும். அப்படிக் கை போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டவில்லையே தவிர, நான் அசையவும் இல்லை. பயம். வலித்தால் உள்ளே ஏதோ நழுவுகிறது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வாரத்தில் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. மழை, மண்சரிவு, ஜீப் வாடகை என்று காரணம் கிடைத்தது. ஏழு வாரம் கட்டிலில் கிடந்தேன். சாப்பாடு, டிவி, தூக்கம். அதோடு பீடி. வேலை இல்லாதபோது பீடி கூடத்தான் செய்யும். பீடி புகை எலும்பு சேருவதைத் தாமதமாக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அதே மழையில் எங்கள் லயத்தில் இன்னொருவரும் விழுந்தார். எங்கள் சித்தி. வயது 54. கொழுந்துச் சாக்கோடு வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. ஆனால் அவர் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. பேரனுடைய சின்னத் துணிப்பந்தை வைத்துக்கொண்டு, கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களால் தொட்டுத் தொட்டு அமுக்குவார். மணிக்கு ஒரு முறை கையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்குவார். காலையும் மாலையும் கடை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். என் வாசல் வழியாகத்தான் போவார். "ஏன்டா, நீ இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்பார்.

"உங்களுக்கு ஏன் சித்தி இந்த வேலை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"டாக்டர் சொன்னார், செய்கிறேன். விரல் போனால் என் கொழுந்து போச்சு" என்றார்.

ஏழாவது வாரம் என் பட்டையைக் கழற்றினேன். எலும்பு சேர்ந்திருந்தது. இதோ, இங்கே ஒரு சின்ன மேடு இருக்கிறது. ஆனால் கை? தோள் மட்டத்துக்குக்கூட ஏறவில்லை. சட்டை போட மனைவி வர வேண்டும். தலை சீவ முடியவில்லை. வலது கை இடது கையைவிட மெலிந்திருந்தது. அதையெல்லாம்விட, கடைக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. ஊருக்கே சைக்கிள் காட்டுகிறவனுக்கு! அன்றைக்கு வழியில் உட்கார்ந்து அழுதேன். இனிமேல் சைக்கிள் பிடிக்க முடியுமா, பிள்ளைகளுக்குச் சோறு போட முடியுமா என்று பயம் வந்தது.

அன்று ராத்திரி என் மகள் தகரப் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். அவள் மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். விரலை மடக்கி நீட்டு. முழங்கையை மடக்கி நீட்டு. தினமும் நட. பாரம் தூக்காதே. குறித்த நாளில் வா. எல்லாம் அதில் இருந்தது. ஏழு வாரமாக என் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடற்பயிற்சி சொல்லித் தருகிற அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "சேட்டா, உடைந்தது தோள்தானே? காலுக்கு என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். எலும்பு முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். சில வாரங்களில் அங்கே மெத்தென்ற எலும்பு வளரும். பிறகு அது கெட்டியாகும். அது வரைக்கும் முறிந்த இடத்துக்குத்தான் ஓய்வு வேண்டும். மற்ற இடத்துக்கு வேலை வேண்டும். சும்மா கிடந்தால் தசை கரையும், மூட்டு இறுகும். நாள் கணக்கில் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டவும் கூடும். எலும்பும் அப்படித்தான். பாரம் விழுகிற இடத்தில் அது தடிக்கும். பாரம் இல்லாத இடத்தில் மெலியும். 1892-இல் ஜெர்மனியில் ஜூலியஸ் வுல்ஃப் என்கிற மருத்துவர் இதை எழுதி வைத்தார். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் இப்போது ஆபரேஷன் செய்த மறுநாளே பெரும்பாலும் எழுப்பி நிற்க வைக்கிறார்கள். "பாட்டியைக் கொடுமை செய்கிறார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பிறகு எனக்கு மூன்று பயிற்சி கொடுத்தார். முதல் பயிற்சி, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளி போல மெதுவாகச் சுற்றுவது. இரண்டாவது, ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றக் கையை மேலே தூக்குவது. மூன்றாவது, சுவரில் விரலால் ஏறுவது. எறும்பு ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். எட்டின இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இறங்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். பக்கத்தில் தேதி எழுதினேன். முதல் கோடு என் நெஞ்சு உயரம். ஒரு வாரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு விரல்கடை ஏறியது. சில நாள் இறங்கியும் போனது. இழுக்கிற வலி இருந்தால் செய்யலாம், குத்துகிற வலி இருந்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார். கை மரத்தாலோ, புதிதாக வீங்கினாலோ உடனே வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். இந்தப் பயிற்சி என் தோளுக்குச் சொன்னது. உங்கள் எலும்புக்கு எது, எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடக்கவும் ஆரம்பித்தேன். முதல் நாள் கடை வரை. பிறகு தொழிற்சாலை வரை. நவம்பரில் சித்தி கொழுந்து பறிக்கிற மலை வரை ஏறினேன். ஆமாம், அவர் எனக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்!

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ஆட்டுக்கால் சூப் வாங்கியே பணம் போனது. குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதுவே எலும்பை ஒட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம். முட்டை, பருப்பு, பால், கீரை, முள்ளோடு தின்கிற சின்ன மீன் எல்லாம் எலும்புக்கு நல்லது. கேழ்வரகு இருக்கிறதே, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. வெயில் வந்தால் வெளியே உட்காருங்கள். இந்த ஊரில் அதுதான் கஷ்டம்.

2023 ஜனவரியில் என் விரல் தலைக்கு மேலே எட்டியது. அந்தக் கோட்டை என் மகள்தான் போட்டாள். அந்த மாதக் கடைசியில் சைக்கிள் எடுத்தேன். முதலில் சமதரையில், பிறகு ஏற்றத்தில். இறக்கத்தில் இறங்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அது தோளுக்காக இல்லை, மனசுக்காக. இப்போது கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. வந்தவர்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது. சித்தி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துணிப்பந்தை இன்றைக்கும் கொண்டு வந்திருக்கிறார், கேட்டால் காட்டுவார். கையில் தோளில் பழைய இறுக்கம் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக இந்தச் சுவர்ப் பக்கம் வாருங்கள். எவ்வளவு உயரம் எட்டுகிறது என்று பார்ப்போம். சுவரில் எழுத டீச்சரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பென்சில் இருக்கிறது. உங்கள் பெயரையும் தேதியையும் நீங்களே எழுதுங்கள்.